ரயில் வரும் வழியில் வீடும் நிலமும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. வளை எத்துணைச் சிறிதாயினும் அது தனக்கே உரியதாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, தோட்ட வீட்டிலேயே முதுமை எய்தும் நம் குடும்பங்களுக்கு இம்முதுமொழி மிகவும் பொருந்தும். ஏனெனில் தோட்ட வீடு வேலையோடு வந்த வீடு. வேலை முடியும் நாளில் அவ்வீட்டில் தங்கும் உரிமையும் முடிந்துவிடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல தோட்டங்கள் நகரங்களாக மாறியுள்ளன. பால்மரமும் செம்பனையும் நின்ற இடங்களில் தாமான்கள் தோன்றின, அடுக்குமாடிகள் எழுந்தன, இப்போது அவற்றின் நடுவே தூண்களின் மேல் இலகு ரயில் ஓடுகிறது. ரயில் பாதைக்கு அருகிலுள்ள நிலத்தின் விலை ஏன் உயருகிறது? அவ்வாறு உயரும் மதிப்பு யாரைச் சென்று சேருகிறது? அதில் ஒரு சிறு பங்காவது நம் குடும்பங்களுக்குக் கிட்ட நாம் செய்யவேண்டியது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டங்கள் நகரங்களான வரலாறு

பெட்டாலிங் ஜெயா நகரம் 1950களின் தொடக்கத்தில் எஃபிங்காம் ரப்பர்த் தோட்டத்தின் நிலத்தில் உருவாக்கப்பட்டது. அதே தோட்டத்தின் பெயரைத் தாங்கிய செம்பனை நிலத்தில் பிற்காலத்தில் பண்டார் உத்தாமா எழுந்தது. சீபீல்ட் தோட்டத்தில் 1970களில் சுபாங் ஜெயா உருவாகத் தொடங்கியது. 1980களின் இறுதியில் அது யு.எஸ்.ஜே. பகுதியாக விரிந்தது, பின்னர்ப் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டது. புக்கிட் ஜாலில் தோட்டப் பகுதியில் 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தேசிய விளையாட்டு வளாகம் கட்டப்பட்டது.

இவ்விடங்களில் தோட்டத்தின் பெயர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் அது இன்னும் நிலைத்திருக்கிறது. எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி, சீபீல்ட் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் பெயரைக் கேட்கும் இன்றைய இளைஞர் பலருக்கு, அப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரியாது. அங்கு ஒரு காலத்தில் லயங்களும், ஒட்டுப்பால் மணமும், அதிகாலைப் பிரட்டும் இருந்தன என்பதை நாம்தாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தோட்டம் கைமாறுவது புதிய செய்தியன்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் துண்டுகளாக விற்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையையும் இருப்பிடத்தையும் இழக்கும் நிலை ஏற்பட்டது. அந்நிலைக்கு மாற்றாகவே துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் தங்கள் சிறு சம்பளத்தில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினர். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதன் எதிர்காலத்தை முடிவு செய்வார் என்னும் உண்மையை அத்தலைமுறை நன்கு உணர்ந்திருந்தது.

இலகு ரயில் வந்த விதம்

நம் நாட்டின் முதல் இலகு ரயில் சேவை 1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சுல்தான் இஸ்மாயில் நிலையத்திற்கும் அம்பாங்கிற்கும் இடையே தொடங்கியது. 1998ஆம் ஆண்டு அப்பாதை ஒரு பக்கம் புக்கிட் ஜாலில் வழியாக ஸ்ரீ பெட்டாலிங் வரையும், மறுபக்கம் செந்தூல் தீமோர் வரையும் நீண்டது. அதே 1998இல் கிளானா ஜெயாப் பகுதியிலிருந்து பாசார் செனி வரை ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது கோம்பாக் வரை சென்றது.

இவ்விரு பாதைகளையும் தனியார் நிறுவனங்களே அமைத்தன. பயணிகள் தரும் கட்டணத்தைக் கொண்டு கடனை அடைக்க அவற்றால் இயலவில்லை. எனவே 2002ஆம் ஆண்டு அரசாங்கத்தின் பிரசாரானா நிறுவனம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

அதன் பின்னர் இரு பாதைகளும் தெற்கு நோக்கி நீட்டப்பட்டன. ஸ்ரீ பெட்டாலிங் பாதையின் நீட்டிப்பு 2015ஆம் ஆண்டு அக்டோபரில் கின்ராரா வரை திறக்கப்பட்டு, பின்னர்ப் பூச்சோங்கைக் கடந்து சென்றது. கிளானா ஜெயா பாதையின் 17.4 கிலோமீட்டர் நீட்டிப்பு 2016ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திறக்கப்பட்டது. சுபாங் ஜெயா, தைப்பான், யு.எஸ்.ஜே. 21, ஆலாம் மெகா முதலிய 13 நிலையங்கள் அந்நீட்டிப்பில் அடங்கும். இரு பாதைகளும் புத்ரா ஹைட்ஸ் நிலையத்தில் ஒன்று கூடுகின்றன. கிளானா ஜெயா பாதையின் மொத்த நீளம் இப்போது 46.4 கிலோமீட்டர், நிலையங்கள் 37.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுபாங் ஜெயாவில் வீடுகள் எழுந்தது 1970களில். இலகு ரயில் வந்ததோ 2016இல். அதாவது வீடுகளுக்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே இலகு ரயில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் காரையும், பேருந்தையும், 1995இல் தொடங்கிய கொமுட்டர் மின்ரயிலையும் நம்பியிருந்தனர். பூச்சோங்கின் நிலையும் ஏறத்தாழ இதுவே. முதலில் வீடு, பிறகு சாலை, பிறகு நெரிசல், கடைசியில் ரயில் என்பதே நம் புறநகர்கள் பலவற்றின் வளர்ச்சி முறையாக இருந்து வந்துள்ளது.

ரயில் ஏன் நிலத்தின் விலையை உயர்த்துகிறது?

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒருவர் நாள்தோறும் வேலைக்குச் செல்ல நெரிசலில் செலவிடும் நேரத்தில், ரயிலில் செல்வதால் ஒரு வழிக்கு 40 நிமிடம் மிச்சமாவதாகக் கொள்வோம். இரு வழிக்கும் 80 நிமிடம். மாதத்தில் 22 வேலை நாட்களுக்கு 1,760 நிமிடம். அதாவது 29 மணி நேரத்திற்கும் மேல். மாதந்தோறும் ஒரு முழு நாளுக்கும் அதிகமான நேரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. பெட்ரோல், டோல், கார் நிறுத்தக் கட்டணம் ஆகியவற்றிலும் செலவு குறைகிறது. இந்த நேரமும் பணமும் கிடைக்கும் இடத்தில் குடியிருக்கப் பலர் விரும்புவர். விரும்புவோர் பலராகவும் நிலம் சிறிதாகவும் இருந்தால் விலை உயர்வது இயல்பு.

நிலம் எவ்வளவு சிறிது என்பதையும் கணக்கிடலாம். ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஏறத்தாழ 400 மீட்டர் நடக்கலாம். ஒரு நிலையத்தை நடுவில் வைத்து 400 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால், அதனுள் அடங்கும் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டர், அதாவது 124 ஏக்கர்தான்.  அந்த 124 ஏக்கரிலும் சாலை, வடிகால், பள்ளி, கடை ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒன்றும் ஒதுக்காமல் ஏக்கருக்குப் பத்து வரிசை வீடுகள் கட்டினாலும் 1,240 குடும்பங்களுக்கு மேல் இடமிராது. ஆனால் அங்கு வாழ விரும்புவோரோ பல்லாயிரவர். எனவே ஊராட்சி மன்றங்கள் நிலையங்களுக்கு அருகில் உயர்ந்த கட்டடங்களை அனுமதிக்கின்றன. ஒரே ஏக்கரில் கூடுதலான வீடுகள் கட்டலாம் என்னும் நிலை ஏற்பட்டவுடன் அந்த ஏக்கரின் விலை மேலும் ஏறுகிறது.

இன்னொன்றும் உண்டு. விலை உயர்வு ரயில் ஓடத் தொடங்கும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. பாதை அமையவிருக்கிறது என்னும் அறிவிப்பு வெளிவந்தவுடனே நிலம் வைத்திருப்போர் விலையை உயர்த்திவிடுகின்றனர். ஆகவே நிலையம் திறந்த பிறகு அருகில் வீடு வாங்கலாம் என்று காத்திருப்போர், அந்த உயர்வு முழுவதையும் தம் கைப்பொருளிலிருந்து கொடுக்க வேண்டியவராகின்றனர்.

உயர்ந்த மதிப்பு யாரைச் சேர்கிறது?

ரயில் பாதையை அமைக்கும் செலவைப் பொதுமக்களின் வரிப்பணம் தாங்குகிறது. ரயிலை நடத்துவோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பயணக் கட்டணமே. பாதைக்கு அருகில் நிலம் வைத்திருப்பவரோ, தாம் ஒரு செங்கல்லும் எடுத்து வைக்காமலேயே நிலத்தின் மதிப்பு உயரக் காண்கிறார். இதனை உணர்ந்தே ஹாங்காங் நகரில் நிலையங்களையும் பணிமனைகளையும் ஒட்டிய நிலத்தை மேம்படுத்தும் உரிமை ரயில் நிறுவனத்திற்கே வழங்கப்பட்டது. அங்கு வீடு, கடை விற்பனையில் கிடைக்கும் வருவாயும் ரயிலுக்குத் துணை நிற்கிறது.

இப்போது நம் தோட்டக் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்ப்போம். அக்குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்ந்திருக்கலாம். மரம் நட்டதும், வடிகால் வெட்டியதும், கோயில் எழுப்பியதும் அவர்களாக இருக்கலாம். எனினும் நிலப் பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை. மதிப்பு ஏறும்போது அது பட்டாவில் பெயருள்ளவரையே சென்றடைகிறது. குடியிருப்போருக்கு வருவது வீட்டைக் காலி செய்யக் கோரும் கடிதமாகவே இருக்கக்கூடும். புக்கிட் ஜாலில் தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்களின் இருப்பிடப் பிரச்சினை 2011ஆம் ஆண்டு நாடெங்கும் பேசப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இலகு ரயில் நிலையம் இருந்தது. நிலத்தின் மதிப்பு உச்சத்தை எட்டியிருந்தது; குடியிருந்தவர்களோ ஒரு வீட்டுக்காகக் கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது.

சட்டம் தொழிலாளிக்குச் சில பாதுகாப்புகளை அளிக்கிறது. தோட்ட வீட்டின் தரத்தையும் வசதிகளையும் 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் வரையறுக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்து இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை. ஆயினும் இவற்றுள் எதுவும் குடியிருப்பவரை வீட்டின் உரிமையாளராக்குவதில்லை. உரிமையாளராகும் முயற்சியைக் குடும்பமே எடுக்க வேண்டும்.

மாற்றம் வருவதை முன்னரே அறிய

தோட்டம் ஓர் இரவில் நகரமாகிவிடுவதில்லை. அதற்குப் பல படிகள் உண்டு. அப்படிகளை அறிந்தவருக்கு ஆயத்தமாகப் போதிய காலம் கிடைக்கும்.

முதலாவது, வட்டாரத் திட்டம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊராட்சி மன்றமும் தன் எல்லைக்குள் எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைக் காட்டும் திட்டத்தைத் தயாரிக்கிறது. அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். எவரும் சென்று பார்க்கலாம். எழுத்து மூலம் கருத்தும் ஆட்சேபமும் தெரிவிக்கலாம். தங்கள் தோட்டம் அப்படத்தில் விவசாய நிலமாகக் காட்டப்பட்டுள்ளதா, வீடமைப்புப் பகுதியாகக் காட்டப்பட்டுள்ளதா என்பதைத் தோட்டத் தலைவர்களும் பள்ளி ஆசிரியர்களும் சென்று பார்த்து வந்து மக்களுக்கு எடுத்துரைப்பது பெரும் தொண்டாகும்.

இரண்டாவது, நில வகை மாற்றம். விவசாய நிலத்தில் வீடமைப்புத் திட்டம் தொடங்குமுன் அதனைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் பெற வேண்டும். அதற்கான கட்டணத்தையும் செலுத்த வேண்டும். ரயில் கூட்டரசின் பொறுப்பாயினும், நிலம் மாநில அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது. எனவே நிலம் பற்றிய செய்தியை மாவட்ட நில அலுவலகத்தில்தான் கேட்டறிய வேண்டும். சிறு கட்டணம் செலுத்தினால் ஒரு நிலத்தின் உரிமையாளர் யார், அதன் வகை யாது, அதன் மீது அடமானம் உள்ளதா என்பவற்றை அறியலாம்.

மூன்றாவது, வதந்திக்கும் அறிவிப்புக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல். ரயில் திட்டங்கள் மாறுவதுண்டு. பண்டார் உத்தாமாவையும் கிள்ளானின் ஜொஹான் செத்தியாவையும் இணைக்கும் ஷா ஆலாம் இலகு ரயில் பாதையில், 2018ஆம் ஆண்டு செலவு மறுபரிசீலனை செய்யப்பட்டபோது ஐந்து நிலையங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றை மீண்டும் அமைக்கும் முடிவு 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான வரவு செலவுத் திட்டத்தில்தான் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், நிலையம் வரும் என்று நம்பி அருகில் வீடு வாங்கியோரின் மனநிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே திட்டமிடப்பட்ட அதிவேக ரயிலின் ஒப்பந்தமும் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. ஆகவே விற்பனையாளர் காட்டும் வண்ணப் படத்தில் நிலையம் இருப்பது மட்டும் போதாது. நிலத்திலும் அது எழுந்திருக்க வேண்டும்.

கைக்கு வரும் தொகையும் முதல் வீடும்

தோட்டம் மூடப்பட்டாலோ, புதிய உரிமையாளர் வேலையைத் தொடர்ந்து வழங்காவிட்டாலோ, தொழிலாளிக்கு 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க நலன் விதிகளின்படி இழப்பீடு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள்.

இருபது ஆண்டு உழைத்த ஒருவருக்கு 400 நாள் சம்பளம் வரும். 2025ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டால், அது ஏறத்தாழ 22,000 வெள்ளியாகும். இரண்டு இலட்சம் வெள்ளி விலையுள்ள ஒரு வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் 20,000 வெள்ளி. இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகையாக இருப்பதைக் கவனியுங்கள். இத்தொகை பலருடைய கைகளில் மோட்டார் சைக்கிளாகவும், பெரிய தொலைக்காட்சியாகவும், ஆடம்பரத் திருமணச் செலவாகவும் கரைந்துவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். இருபது ஆண்டு உழைப்பின் பயன் இருபது வாரத்தில் தீர்ந்துவிடுவது எத்துணை வருந்தத்தக்கது!

ஊழியர் சேமநிதியும் வீடு வாங்கத் துணை செய்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் சேமநிதிக் கணக்கு ஓய்வுக்காலக் கணக்கு, செஜாத்ரா கணக்கு, நெகிழ்வுக் கணக்கு என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீடு வாங்கவும், வீட்டுக் கடனைக் குறைக்கவும் செஜாத்ரா கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். நிலையான சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரிகளும் நாள்கூலி பெறுவோரும், வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் வழி வங்கிக் கடன் பெற விண்ணப்பிக்கலாம்.

மாதத் தவணையையும் முன்னரே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 200,000 வெள்ளி வீட்டுக்கு 180,000 வெள்ளி கடன், ஆண்டு வட்டி 4 விழுக்காடு, காலம் 35 ஆண்டு எனக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 797 வெள்ளி. 35 ஆண்டில் செலுத்தும் மொத்தத் தொகை 334,000 வெள்ளியைத் தாண்டும். தவணை குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம். எனவே இவ்வீட்டுக்குக் குடும்ப வருமானம் ஏறத்தாழ 2,400 வெள்ளியாவது இருக்க வேண்டும். கணவனும் மனைவியும், அல்லது தந்தையும் வேலைக்குப் போகும் பிள்ளையும் சேர்ந்து முயன்றால் இது எட்டாக்கனியன்று. முத்திரை வரி, வழக்கறிஞர் கட்டணம் ஆகியவற்றுக்கும் தனியே பணம் வைத்திருக்க வேண்டும். 200,000 வெள்ளி வீட்டின் உரிமை மாற்றத்துக்கு முத்திரை வரி 3,000 வெள்ளி. முதல் வீடு வாங்குவோருக்கு இவ்வரியில் சலுகை அறிவிக்கப்படுவதுண்டு; வாங்கும் காலத்தில் அதனைக் கேட்டறிக.

நிலையத்தின் வாசலிலேயே இவ்விலைக்கு வீடு கிடைப்பது அரிது. ஆயினும் ரூமா சிலாங்கூர்கூ போன்ற மாநில அரசின் வீடமைப்புத் திட்டங்களில் வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் பதிவு செய்து கொள்ளலாம். நிலையத்திலிருந்து இணைப்புப் பேருந்து செல்லும் தாமான்களில் விலை சற்றுக் குறைவாக இருக்கும். பத்து நிமிடப் பேருந்துப் பயணத்தைப் பொறுத்துக்கொள்பவர் பல ஆயிரம் வெள்ளி மிச்சம் பிடிக்க இயலும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கட்டப்படவிருக்கும் வீட்டை வாங்குவோரை 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் பாதுகாக்கிறது. வாசகர்கள் கீழ்வருவனவற்றை மனத்தில் இருத்த வேண்டும்.

ஒன்று: மேம்பாட்டு நிறுவனத்திடம் உரிமமும் விளம்பர அனுமதியும் இருக்க வேண்டும். அவற்றின் எண்கள் விளம்பரத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சில் கேட்டு அவை உண்மையானவையா என உறுதி செய்துகொள்க.

இரண்டு: விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் முன்பதிவுக் கட்டணம் என்ற பெயரில் பணம் வாங்க மேம்பாட்டு நிறுவனத்திற்கு அனுமதியில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது பத்து விழுக்காடு. பின்னர் வேலை முடிந்த அளவுக்கேற்ப மீதிப் பணம். யாரேனும் தனியே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூன்று: தரைவீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டத்தின் வழக்கமான ஒப்பந்தப் படிவம். தாமதமானால் வீட்டின் விலையில் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம், நாள் கணக்கில் இழப்பீடு கோரலாம். ஒப்படைத்த பிறகு 24 மாதத்திற்குள் தெரியவரும் குறைகளை நிறுவனமே சரிசெய்து தர வேண்டும். வழக்குமன்றத்திற்குச் செல்ல வசதியற்றோர் 2002ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம்.

நான்கு: நிலம் நிரந்தர உரிமையுடையதா, 99 ஆண்டுக் குத்தகையா என்பதைக் கேளுங்கள். பழைய குத்தகை வீடாயின் எஞ்சியுள்ள ஆண்டுகள் எத்தனை என்பதையும் பாருங்கள். எஞ்சிய காலம் குறையக் குறைய வங்கிக் கடன் பெறுவது கடினமாகும்.

ஐந்து: அடுக்குமாடி வீட்டில் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும், அதனுடன் சேமிப்பு நிதிக்கான தொகையும் செலுத்த வேண்டும். தோட்டத்தில் குழாய் உடைந்தால் நிருவாகத்திடம் சொல்வது நம் வழக்கம். அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதானால் அதனைச் சரிசெய்யும் பணம் குடியிருப்போரின் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். கட்டணம் செலுத்தாதோர் மிகுந்த அடுக்குமாடிகளின் நிலையை அங்குச் சென்று பார்ப்பவர் உடனே உணர்வர்.

ஆறு: நிலையத்திற்கு அருகில் என்று விளம்பரத்தில் இருந்தால், நீங்களே நடந்து பாருங்கள். படத்தில் 500 மீட்டராகத் தெரியும் தொலைவு, இடையில் ஒரு நெடுஞ்சாலை இருந்தால் இரண்டு கிலோமீட்டராகிவிடும். மழை நாளில் குழந்தையையும் பையையும் சுமந்துகொண்டு அவ்வழியே போக முடியுமா என எண்ணிப் பாருங்கள். பாதைக்கு மிக அருகிலுள்ள வீடாயின், அதிகாலையும் இரவும் ரயில் ஓசை எவ்வளவு கேட்கிறது என்பதையும் நேரில் அறிந்துகொள்ளுங்கள்.

ஏழு: வீட்டுக் கடன் தீர்ந்ததும் பட்டா உங்கள் பெயருக்கு வந்துவிட்டதா, அடமானம் நீக்கப்பட்டுவிட்டதா என்பதை நில அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் முழுவதும் கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் பலர் இக்கடைசிப் படியை மறந்துவிடுகின்றனர். உரிமையாளர் காலமான பிறகு பிள்ளைகள் நில அலுவலகத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அலைய வேண்டிய நிலை இதனால் ஏற்படுகிறது.

நம் கடமை

தோட்டம் நகராவதைத் தனி ஒருவரால் தடுக்க இயலாது. நாட்டின் வளர்ச்சிக்குச் சாலையும் ரயிலும் வீடுகளும் தேவை. அவ்வளர்ச்சியின் பயன் தோட்ட மக்களையும் வந்தடைய வேண்டும் என்பதே நம் விருப்பம். இளைஞர்கள் இலகு ரயிலேறி நகரத்தில் உயர்ந்த வேலைக்குச் செல்லலாம். மாலையில் நேரத்தோடு வீடு திரும்பலாம். அவர்கள் திரும்பிவரும் அவ்வீடு யாருடையது என்பதே முக்கியமான வினா.

ஓய்வு பெறும் வயது 60 எனச் சட்டம் கூறுகிறது. இன்று 40 வயதுள்ள தோட்டத் தொழிலாளிக்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. இருபது ஆண்டு என்பது நீண்ட காலம்போல் தோன்றும். ஆனால் வங்கி நீண்ட காலக் கடன் தருவதற்கு அதுவே குறுகிய காலம். ஆகவே வீடு பற்றிய பேச்சு இவ்வாரமே குடும்பத்தில் தொடங்கட்டும். சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மாநில வீடமைப்புத் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் சொல்லுங்கள். கோயில் நிருவாகக் குழுக்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நில அலுவலக அதிகாரியையோ சேமநிதி அதிகாரியையோ அழைத்து விளக்கக் கூட்டம் நடத்தலாம்.

பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு குடும்பத்திற்கு ஒரு வீடு, அவ்வீட்டுக்கு நம் பெயரில் ஒரு பட்டா என்பது நம்மால் இயலாத காரியமன்று.